கரிக்கியிடம் நீ சொன்னது

என் தங்கமான புச்சிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. தேவ் கோயில் சூரிய பகவான் புண்ணியத்தில் வீட்டில் நானும் கொட்டிலில் நம் எருமை கரிக்கியும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தன்வியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இதுவரை இந்த வீட்டிலிருந்து உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் உன் அப்பா எழுதியவை. அழகான ஹிந்தி, ஒரு புள்ளி தப்பாது. கடைசி வரியில் இதில் உன் அம்மாவின் ஆசீர்வாதமும் சேர்த்து என்று அவரே எழுதி முடித்துவிடுவார். இது நானே எழுதுவது, அதுவும் நம் ஊர்ப் பேச்சான மகஹியில் எழுதுவது. அஞ்சாம் வகுப்பு வரை எனக்கு எழுதக் கற்றுத் தந்தது ஹிந்தி. நம் பேச்சை எப்படி எழுதுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை, அதனால் வாயில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன். கண்ணால் மட்டும் படித்தால் பாதி புரியாது, வாய்விட்டுப் படி.

ஊர் சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நெல் பழுத்து நிற்கிறது, அறுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை, இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாம் சூரத்துக்கும் பஞ்சாபுக்கும் ரயிலேறிவிட்டார்கள். உன் பெரியப்பா மகன் உமேஷ் மாடியில் ஒரு அறை கட்டுகிறான், சிமெண்டு மூட்டையெல்லாம் நம் வராந்தாவில்தான் கிடக்கிறது. துலாரி அத்தைக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். என் முழங்கால் பழையபடிதான், நீ அனுப்பிய தைலம் மணக்கிறது, வலிதான் போகவில்லை. மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் என்றாயே, ஊறுகாயைக் குறைக்கச் சொல். கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லிவை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சூரியனுக்கு இருக்கும் சட் விரதம் முடிந்து பத்தாம் நாள் உன் அப்பாவுக்கு வருஷத் திதி. நீ வரமாட்டேன் என்று உமேஷிடம் போனில் சொன்னாயாம். அவன் மென்று முழுங்கிக்கொண்டுதான் என்னிடம் சொன்னான். "அங்க வந்து நான் என்ன பண்ணப்போறேன், எனக்குத்தான் அழக்கூடத் தெரியாதே" என்றாயாமே. போன வருஷம் அத்தை சொன்ன சொல் இன்னும் உன்னைக் குத்திக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு மாதமாக நீ வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் பேசுகிறாய், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டாயா, போட்டேன், அவ்வளவுதான். போனில் இதையெல்லாம் பேச எனக்கு வாய் வராது. உமேஷின் மச்சான் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், அதனால்தான் எழுதி அவன் கையில் கொடுக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை மறைத்துப் பேச முடியாது. உனக்காகத்தான் ஒரு பகல் முழுக்க அவரை ஐஸ் பாளத்தில் கிடத்திக் காத்திருந்தோம். நீ வண்டியை விட்டு இறங்கியதும் பெண்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு கால்மாட்டில் உனக்கு இடம் விட்டார்கள். ஒரே மகள் வந்து காலைப் பிடித்துக்கொண்டு, தகப்பன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்பாரி வைத்தால்தான் போகிறவருக்கு நிம்மதி என்பது இந்த ஊர்க் கணக்கு. நீ நின்றாய். அவர் முகத்தைப் பார்த்தாய். பிறகு உமேஷைத் திரும்பிப் பார்த்து, எத்தனை மணிக்கு ஆனது, எந்த டாக்டர் பார்த்தார், சீட்டு எங்கே என்று ஹிந்தியில் கேட்டாய். அப்போதுதான் துலாரி அத்தை அத்தனை பேர் காதிலும் விழும்படி, "எங்கண்ணன் பெத்து வளத்தது பொண்ணு இல்லடி, கல்லு. அப்பன் பொணத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு டாக்டர் சீட்டு கேக்குறா பாரு" என்றாள். நாலாம் நாள் காலையில் லீவு முடிந்தது என்று கிளம்பிவிட்டாய். போனவரின் தாகம் தீர அரசமரத்தில் கட்டிய மண்கலயத்துக்கு உமேஷ் பத்து நாளும் தண்ணீர் ஊற்றினான். அத்தை அன்று சொன்னது தப்பு. ஆனால் அதைவிடப் பெரிய தப்பு எனக்கும் உன் அப்பாவுக்கும் சேர்ந்தது, அதை இந்த வீட்டில் யாரும் உனக்குச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன்னால், பள்ளிக்கூட மாஸ்டராக இருந்த உன் அப்பா பள்ளி இன்ஸ்பெக்டர் வேலைக்கு நேர்காணல் என்று பாட்னா போனார். வழியில் பஸ் கெட்டுப்போய், வெயிலில் ஓடிப்போய் நின்றிருக்கிறார். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, மூச்சு வாங்கின வேகத்தில் நம் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்தார்களாம். அதில் ஒருவர் பியூனைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க மாஸ்டர், இவனும் கேக்கட்டும்" என்றாராம். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சோறு தொடவில்லை. பிறகு ஒரு ரேடியோ வாங்கினார், செய்தி வாசிப்பவரைப் போலவே சொல்லிச் சொல்லிப் பழகினார். நீ பிறந்து உன்னை மடியில் வாங்கியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, இவளைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பதுதான்.

ஆனால் அவருக்கு நம் பேச்சு பிடிக்காது என்று நினைத்துவிடாதே. வகுப்பில் மகத ராஜாக்கள் பாடம் வந்தால் குரலே மாறிவிடுமாம். ராஜ்கிர் மலையில் புத்தர் நின்று ஜனங்களுக்குச் சொன்னதெல்லாம் இந்த மண்ணின் பேச்சில்தான், அந்த வம்சத்தில் வந்ததுதான் நம் மகஹி, வங்காளமும் ஒடியாவும் இதற்குப் பங்காளி முறை என்று பையன்களுக்கு எடுத்துச் சொல்வார். சொல்லி முடிக்கும்போது ஒரு பையன் மகஹியிலேயே சந்தேகம் கேட்டால், "கையை நீட்டு" என்று பிரம்பை எடுப்பார். கயாவிலிருந்து ஜமுய் வரைக்கும், தெற்கே கோடர்மா மலை வரைக்கும் கோடிக்கு மேல் ஜனம் இதைப் பேசுகிறது, எழுதச் சொன்னால் மட்டும் ஹிந்தி என்று எழுதிவிடுகிறது. ஒரு தடவை ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் நின்று தாய்மொழி என்னவென்று கேட்டார். ஹிந்தி என்றார் உன் அப்பா, எனக்கும் சேர்த்து. அந்த நேரம் பார்த்து நான் கொட்டிலில் கரிக்கியை மகஹியில் திட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஹிந்தி என்று எழுதிக்கொண்டு போனார்.

உனக்கு ஐந்து வயது. உன் பெரியப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். முற்றத்தில் கந்தல் பொம்மையைப் படுக்கவைத்து, தலையில் முந்தானை மாதிரி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அத்தைகள் அழுததைப் போலவே ராகம் போட்டு அழுது விளையாடினாய். "எனக்கு வளையல் வாங்கித் தரேன்னியே பொம்ம, வாங்கித் தராமயே போறியே" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கோத்தாய். கையில் பிசைந்த மாவோடு நின்று கேட்ட எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த உன் அப்பா உன்னை அறைந்தார். வாழ்க்கையில் உன்மேல் அவர் கை பட்டது அந்த ஒரு தடவைதான். இனி இந்த வீட்டில் குழந்தையிடம் யாரும் நாட்டுப்புறப் பேச்சுப் பேசக் கூடாது என்றார். அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து உன்னோடு ஹிந்திதான் பேசினேன். எனக்கு வரும் ஹிந்தி எவ்வளவு என்று உனக்கே தெரியும். சாப்பிடு, படி, குளி, நேரமாச்சு. ஹிந்தியில் எனக்கு ஏவத்தான் வரும், கொஞ்ச வராது. கொஞ்சலெல்லாம் கரிக்கிக்குப் போனது. நம் கொட்டிலுக்கு எந்த எருமை வந்தாலும் அதற்குப் பெயர் கரிக்கிதானே, ஒவ்வொரு கரிக்கியிடமும் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டினேன். உனக்கு ஜுரம் என்றால் கரிக்கியிடம் அழுதேன், நீ வகுப்பில் முதலாவது வந்தாய் என்றால் கரிக்கி கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நீ கொட்டில் வாசலில் புத்தகத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். ஏழு வயதில் ஒரு நாள், "அம்மா, நான் கரிக்கியாப் பொறந்திருக்கலாம்ல" என்று கேட்டாய். விவரம் இல்லாமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் நெஞ்சு வேகிறது. பெற்ற மகளுக்குத் தராத பேச்சை எருமைக்குத் தந்தவள் நான். உனக்கு ஏன் அழத் தெரியவில்லை என்று ஊர் யாரையாவது கேட்க வேண்டுமானால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. நீ கிளம்பின அந்தக் காலை, வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது, உன்னைக் காணவில்லை. சத்துமாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன். கொட்டிலுக்குள் நீ கரிக்கியின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாய். பேசிக்கொண்டிருந்தாய். ஒரு நிமிஷம் உள்ளே நிற்பது நான்தானோ என்றிருந்தது, அப்படி என் குரல், என் இழுப்பு, நம் பேச்சு. "கரிக்கி, அடியே, பாபூ போயிட்டாருடி. சளி பிடிச்ச ஒடம்புடி அது. வெந்நி இல்லாம குளிக்காத மனுஷன ஐஸ்ல படுக்க வச்சிட்டாங்கடி, எனக்காக வச்சிட்டாங்கடி, நான் லேட்டா வந்தேன்டி. சைக்கிள் மணி கேட்டா தலையத் தூக்குவியே, இனிமே யாரு சத்தத்துக்குடி தூக்குவ" என்றாய். பிதாஜி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவர் பழக்கிய பிள்ளை, பாபூ என்றாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வந்தால் நம் பேச்சில்தான் பேச வேண்டும், முப்பது வருஷத்துக்கு மேல் உன்னிடம் பேசாத பேச்சு தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் பொட்டலத்தைக் கையில் திணித்து, ஹிந்தியில், நேரமாச்சு, கிளம்பு என்றேன். அன்றைக்கும் ஏவல்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அத்தை நேற்றுகூட வந்து, "புச்சி வருவாளா அண்ணி? அப்படிப் பேசின என் வாயில கொள்ளிய வைக்க" என்று அழுதாள். அவளிடமும் சொல்லவில்லை. ஊருக்கு அழுது காட்ட நீ வர வேண்டாம். திதி அன்று உமேஷ் பிண்டம் வைப்பான், பூரியும் பூந்தியும் போட்டு ஊர் சாப்பிட்டுவிட்டுப் போகும். அது முடிந்ததும் நாம் இரண்டு பேரும் கொட்டிலுக்குப் போவோம், இந்தத் தடவை நான் கதவுக்கு வெளியே நிற்கமாட்டேன். தன்வியையும் கூட்டிக்கொண்டு வா. அவளிடம் எந்தப் பேச்சில் பேசுகிறாய் என்று நான் கேட்கமாட்டேன், கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எந்தப் பேச்சானாலும் கொஞ்ச வருகிற பேச்சாக இருக்கட்டும்.

இதோடு கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் சிலாவ் ஊர்க் காஜா இனிப்பு இருக்கிறது, நசுங்குவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். நீ தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும், உன் மகள் உன் மடியிலேயே கவலை இல்லாமல் வளர வேண்டும். டிக்கெட் போட்டதும் உமேஷிடம் சொல்லு. கரிக்கி நிறைசினையாக இருக்கிறது, நீ வருகிற வாரம்தான் ஈனும் போலிருக்கிறது. வா, என் கண்ணு, வாடி என் ராசாத்தி. இதை உன்னிடம் சொல்லி எத்தனை வருஷம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா ராஜ்மணி