திருப்பாமல் விட்ட மூன்று கட்டங்கள்

இன்று காலை செங்கல்பட்டில் மருந்துக் கடைக்காரர் என் மாத்திரைக் கவரின் மேல் 1-0-2 என்று எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் இரண்டு. பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பாவம், அவர் மேல் என்ன கோபம் எனக்கு?

பொத்தேரியில் பிரியாணிக் கடைக்கு மேல்மாடி, அப்போது நம் ஆபீஸ். நான் புரோகிராம் எழுதுவேன், நீ சோதித்துப் பார்ப்பாய். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செல்போன் அப்ளிகேஷன் ஒன்றை, வளைகுடாவில் இருந்த ஒரு மருத்துவமனைக்காக அரபிக்கு மாற்றினோம். எழுத்து வலமிருந்து இடமாக ஒழுங்காகவே ஓடியது. வேளைக்கு எத்தனை மாத்திரை என்று காட்டும் மூன்று கட்டங்களை மட்டும் நான் இடமிருந்து வலமாகவே விட்டிருந்தேன்.

அரபி போலவே வலமிருந்து எழுதும் உருது படித்து வளர்ந்தவன் நீ, உன் கண்ணில் பட்டுவிட்டது. போனை வீட்டுக்கு எடுத்துப்போய் உன் அம்மாவிடம் காட்டினாய். அதிலும் இதே 1-0-2. அவர் வலப்பக்கம் தொடங்கி, காலையில் இரண்டு என்று படித்தாராம்.

"எழுத்த மட்டும் திருப்பிட்டா ஆச்சா மச்சான்? கட்டத்தயும் திருப்பணும். இது மருந்துடா" என்றாய். மேனேஜருக்கும் எனக்கும் மெயிலும் போட்டாய்.

மீட்டிங்கில் மேனேஜர் உன்னைப் பார்க்கவே இல்லை. மாற்ற எவ்வளவு நாளாகும் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் என்றேன். அவ்வளவு நாள் இல்லை என்று கட்டங்கள் அப்படியே போயின.

அங்கே ஒரு பெரியவர் இரவு மாத்திரையைக் காலையில் போட்டு மயங்கி விழுந்தார். சோதித்தவர் கவனிக்கவில்லை என்று மேனேஜர் மருத்துவமனைக்குப் பதில் எழுதினார். நீ என்னைப் பார்த்தாய். உன் மெயில் என்னிடமும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நீ வேலையை விட்டுப் புதுப்பட்டினத்தில் செல்போன் பழுது பார்க்க உட்கார்ந்தாய். நான் கட்டங்களைத் திருப்பி முடித்தேன். மூன்றே நாள். அந்த மூன்று நாளுக்காக உன்னைக் காவு கொடுத்தோம்.

எட்டு மாதம் கழித்து, கடைக்குப் போகும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உன் பைக் மேல் லாரி ஏறியது. மேனேஜரும் துக்கத்துக்கு வந்தார். உன் அண்ணனிடம், "நல்ல பையன். வேலைலதான் கவனம் பத்தாது" என்றார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அவன் பாத்துட்டான் சார். எழுதியும் குடுத்தான். நாந்தான் பொய் சொன்னேன்."

மேனேஜர் காரில் ஏறிப் போனார். உன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அவன் இருக்கசொல்ல இத சொல்லிருந்தீனா, வேலைய வுட்டிருக்க மாட்டானே தம்பி."

மேனேஜர் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. என் மேல் இருப்பதுதான் இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.