தாயம் விழுந்தால் நிற்க வேண்டும்

என் செல்ல ரொசாலி அக்காவுக்கு,

உன்னைக் காமாலை கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த முறை பள்ளி அறிவியல் கண்காட்சியில் உன் சுவரைத்தான் வைத்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பம்பாயிலிருந்து நீ எழுதிய கடைசிக் கடிதம் என் அகராதிக்குள் இருக்கிறது. அணு உலையிலிருந்து அதிவேகத்தில் பாயும் துகள், அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவருக்குள் நுழைந்தால் முன்னே போகலாம், பின்னே திரும்பலாம், உள்ளேயே அடங்கலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு அடிக்கும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்து, ஆயிரமாயிரம் துகள்களை நடத்திப் பார்க்கிறது. எத்தனை தாண்டுகின்றன என்று எண்ணித்தான் சுவரின் கனத்தை முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் படிக்கும் துளை அட்டைகளில் எழுதியவள் நீ.

சங்கு குளிக்கும் நம் அப்பாவுக்கு இதை நீ விளக்கியது நினைவிருக்கிறதா? "முத்துக் குளிப்புக்கு முன்னால கொஞ்சம் சிப்பியை அள்ளித்தானப்பா பிளந்து பாப்பாங்க? எல்லாத்தையுமா பிளக்காங்க?" என்றாய். அப்பா உடனே, "பெருசாப் பாத்துப் பொறுக்குனா கணக்கு கெட்டுரும்லா" என்றார். நீ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

கடிதத்தின் கடைசியில் எனக்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தாய். ஐந்து கட்டச் சுவர், ஒரே ஒரு தாயக்கட்டை. முதல் கட்டத்திலிருந்து புறப்படும் துகள், இரண்டோ மூன்றோ விழுந்தால் ஒரு கட்டம் முன்னே போகும். வெறும் பக்கம் விழுந்தால் ஒரு கட்டம் பின்னே; முதல் கட்டத்துக்கும் பின்னே போனால் வந்த வழியே வெளியே. ஒன்று விழுந்தால் அங்கேயே அடக்கம். நூறில் ஆறு போலத் தாண்டும் என்று எழுதியிருந்தாய்.

நான் கண்காட்சி அட்டைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்க, அப்பாவும் அம்மாவும் நூறு துகளுக்கு மாறி மாறி உருட்டினார்கள். ஐம்பத்தொன்று தாண்டியது.

"பிள்ளை கணக்கைத் தப்பாப் போட்டுட்டாளோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். நிஜச் சுவருக்கு மறுபக்கம் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள் என்று நீ எழுதியிருந்ததை மூவரும் நினைத்தோம். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அவர்களை மறுபடி உருட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அப்பா உருட்டினார். ஒன்று.

"தாயம்ளா!" என்று கட்டையை மறுபடி எடுத்தார்.

"ஏப்பா, அந்தத் துகள் முடிஞ்சுபோச்சு."

"அதெப்படி? தாயம் விழுந்தா இன்னொண்ணு உருட்டாண்டாமா?"

"நானும் அப்படித்தான உருட்டுனேன்" என்றாள் அம்மா.

அடங்க வேண்டிய துகளையெல்லாம் இருவரும் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அழுதுகொண்டே சிரித்தோம். முதலிலிருந்து உருட்டினோம், அக்கா. ஏழு.

கண்காட்சிக்கு அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பேச விடவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "தாயம் விழுந்தா நிக்கணும், இது எம் மூத்த மவ சட்டம்" என்றார். "அவ சொன்னது ஆறு, உங்களுக்கு ஏழு வந்திருக்கே?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"நூறு சிப்பிதான டீச்சர் பிளந்திருக்கோம். ஆயிரம் பிளந்தா அவகிட்ட வந்துரும்" என்றார் அப்பா. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் நிஜச் சுவர் எழும்பிவிட்டதா? அதன் நிழலில் இப்போது யார் நிற்கிறார்கள்?

ஒரு நாள் முழுக்க உன் கணக்கைச் சந்தேகப்பட்டோம், மன்னித்துவிடு. மீதித் தொள்ளாயிரத்தையும் உருட்டி முடிப்போம். தாயம் விழும்போதெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்துவது என் பொறுப்பு.

உன் கட்டையை வைத்திருக்கும் தங்கை,
ஜெசிந்தா