பூச்சில் இருந்த வெடிப்பு

11 பெப்ரவரி, செவ்வாய்

எங்கள் சந்தியில் இருக்கும் பழைய அங்கிலிக்கன் தேவாலயத்தை இடிக்கப் போகிறார்கள். காரணம் என் வீடியோ.

அதைக் காப்பாற்றத்தான் எடுத்தேன். இரண்டு முழத் தடிப்பில் பவள முருகைக்கல் சுவர், கூர் வளைவு ஜன்னல்கள், ஆணியே இல்லாமல் மரமுளையால் கோத்த கூரை! ஆனால் அழகை மட்டும் போட்டால் யார் பார்ப்பார்கள்? பீடத்துக்குப் பின்னால் இருந்த வெடிப்பைக் கிட்டப் பிடித்து, 'எந்த நேரமும் விழலாம்' என்று எழுதிப் போட்டேன். எக்கச்சக்கமான பேர் பகிர்ந்தார்கள்.

இன்று பின்னேரம் சபைச் செயலாளர் அங்கிள் தேவாலய வாசலில் மறித்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, பெரிய உதவி செய்தனீர். இவ்வளவு காலமும் அசையாத எங்கடை சபையின்ரை கனடா ஆக்கள், உம்மடை வீடியோவைப் பாத்திட்டுப் புதுசாக் கட்டித் தாறம் எண்டிட்டினம்."

"அங்கிள், அது வெறும் பூச்சு வெடிப்பு. சுவருக்கு ஒண்டும் இல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"சுரண்டிப் பாத்தனான்."

"எப்ப?"

"வீடியோ எடுக்க முதல்."

கையை விட்டார். "உந்தக் கதையை வேறை ஒருத்தருக்கும் சொல்லாதையும். ஈஸ்டர் முடிய இடிக்கிறம்."

அவர் போனதும் உள்ளே போனேன். சுரண்டிய இடத்தில் விரலை வைத்து, "நான் பொய் சொன்னனான், சுவர் நல்லாத்தான் இருக்கு" என்று இன்னொரு வீடியோ எடுத்துப் போட்டேன்.

இதுவரை ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள். கனடாவிலிருந்து ஒரு அன்ரி மட்டும் எழுதியிருக்கிறா: "புதுக் கோயில் எப்ப பிள்ளை திறக்கிறியள்?"