மலைக்கோவில் வாசலில் ஒரு பால்பல்

அன்புள்ள அம்மா,

புதன்கிழமை உனக்கு நடக்கப்போகும் ஆபரேஷனைப் பற்றி இதில் எழுத மாட்டேன். நேற்று மாமா எங்கள் இருவரையும் பத்துக்காரு மலைக்கோவிலுக்கு அழைத்துப் போனார். வயல்களைத் தாண்டியதும் மேகமும் எங்களோடு ஏறி வந்தது. தங்கை பிந்தாரி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

முதல் பால்பல் விழாத குழந்தைகளை அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்பதை மாமா மறந்தே போயிருந்தார். வாசல்காரர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஆடுது, ஆனா விழலையே பாப்பா."

அந்தப் பல்லை நீ வந்துதான் பிடுங்க வேண்டும் என்று இரண்டு வாரமாக யாரையும் தொட விடாமல் வைத்திருந்தாள். இப்போது என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"அக்கா, நீயே பிடுங்கு. அம்மாவுக்காகச் சாமி கும்பிடணும்."

பிடுங்கினேன். ரத்தம் வந்தது. ரத்தத்தோடும் உள்ளே போகக்கூடாதே!

"பல்லும் போச்சு, பர்மிஷனும் போச்சு" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் துணியைக் கடித்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நம் வீட்டு வாயாடி, அம்மா!

ரத்தம் நின்றதும் வாசல்காரரே அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பூசாரி உள்ளங்கையில் தீர்த்தம் ஊற்றினார். எல்லோரும் குடித்தோம். அவள் மட்டும் விரல்களை இறுக்கிக் குவித்தபடி நின்றாள்.

"குடிம்மா" என்றார் பூசாரி.

"இது அம்மாவுக்கு. கீழ வரைக்கும் சிந்தாம கொண்டு போயிடுவேன்."

பூசாரி ஒரு பாட்டிலை நிரப்பித் தந்தார். அவரை நான் இரண்டு முறை கும்பிட்டேன். இந்தக் கடிதத்தோடு மாமா கையில் இருப்பது அந்தப் பாட்டில்தான். முழுவதையும் குடித்துவிடு.

உன் மூத்த மகள்