ஏழு கண்ணாடித் துண்டுகள்

மார்ச் 3
மூன்றாம் டவரை இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று முடிவு செய்ய வீட்டுவசதி வாரியம் ஐந்து பேர் கொண்ட கமிட்டி போட்டிருக்கிறது. ஐவரில் ஒருவராவது அதன் படிக்கட்டில் ஏறியிருப்பாரா? தலைவர் கேட்கிறார்: "ஏம்மா, பெயின்ட் அடிச்சா சரியாயிடாதா?" நாற்பத்தெட்டு வயதுக் கட்டடம். தன் தலைமுடி மாதிரி என்று நினைத்துவிட்டார்.

பராமரிப்புப் பொறியாளர் நான். கொத்தனாரை விட்டு விரிசல்களின் குறுக்கே ஏழு கண்ணாடித் துண்டுகளை ஒட்ட வைத்தேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இந்த மேதைகளுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

மார்ச் 4
அக்கா போன் செய்தாள். அவள் வீடு அங்கேதான், ஏழாவது மாடி. "இடிக்கணும்னு மட்டும் எழுதிடாதடி. இந்த வயசுல நாங்க எங்க போவோம்?" கண்ணாடி சொல்வதைத்தான் எழுதுவேன் என்றேன். மண்டைக்கனம் என்றாள்.

ஜூன் 19
குடியிருப்போர் சங்கச் செயலாளர் மொட்டை மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். யாரைக் கேட்டார்? மூளையைக் கீழே கழற்றி வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார் போல. இறக்க வைத்தேன்.

ஆகஸ்ட் 28
நாளை மறுநாள் கமிட்டி வருகிறது. படிக்கட்டெல்லாம் உடைந்த ஓடும் செங்கலும். உடைந்தது ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது என்று கொத்தனாரிடம் கத்தினேன். தலையாட்டினார். தலையாட்டத்தான் இங்கே எல்லோருக்கும் சம்பளம்.

ஆகஸ்ட் 30
ஏழும் முழுசு! பழுது பார்த்தால் போதும் என்று முடிவு. அக்கா போனில் அழுதாள். நானும் கொஞ்சம்.

செப்டம்பர் 2
ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிய தேதியை நானே எழுதியிருந்தேன். இன்று கிட்டே போய்ப் பார்த்தால், நாலில் தேதி இல்லை.

கொத்தனாரைக் கேட்டேன். "அது உடைஞ்சிருந்துச்சும்மா. நீங்கதானே உடைஞ்சது கண்ணுல படக்கூடாதுன்னீங்க? புதுசு ஒட்டிட்டேன்." பெருமையாக வேறு சொன்னார்.

அது எதுக்குன்னு அவர்கிட்ட ஒரு தடவையாவது சொன்னேனா? ஆறு மாசமா? இல்ல. இவருக்கு என்ன புரியப்போகுதுன்னு ஒரு இளக்காரம். அன்னிக்கு தேதியைப் பாக்கவும் இல்ல — முழுசா இருந்தா போதும்னு தூரத்துலேர்ந்து கை காட்டினேன். மேதையாம் மேதை! அவங்க அஞ்சு பேர், நான் ஆறாவது.

செப்டம்பர் 3
வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அக்கா வீடும் நிற்கும். நிற்குமா?

செப்டம்பர் 4
கடிதம் கொடுத்தேன். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். தலைவர் இரண்டு முறை படித்தார். "பெயின்ட்டுக்கு ஆர்டர் போட்டாச்சேம்மா" என்றார்.

அக்டோபர் 11
இடிப்பது என்று முடிவு மாறி, இன்று எல்லோரும் காலி செய்தார்கள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. கூப்பிடாமலே போனேன். கட்டில் லிஃப்டில் நுழையவில்லை. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். அத்தான் தலையணைகளோடு பின்னால் வந்தார். நாலாவது மாடித் திருப்பத்தில், "பின்னால படி இருக்கு, பாத்து இறங்குடி" என்றாள்.