கண் அழிந்த யானைக்குட்டி

ஆயாம்மா,

நேற்று பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு அந்தப் படப் புத்தகம் கையில் வந்தது. மூன்றாவது பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மழையில் தாயைத் தொலைத்துவிட்டு நிற்கும் யானைக்குட்டி. கண் இருந்த இடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. உடனே உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. உங்களுக்கு எழுத்துத் தெரியாது, நீங்கள் போயும் இரண்டு வருடமாகிவிட்டது. இருந்தும் எழுதுகிறேன். உங்களிடம் நான் என்றைக்கு யோசித்துப் பேசியிருக்கிறேன்?

எண்பதுகளின் நடுவில் கள்ளிக்குப்பத்தில் அந்த நர்சரிப் பள்ளி. ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, இருபது பிள்ளைகள், டீச்சராக நான், ஆயாவாக நீங்கள். நமக்குள் இரண்டே வயது வித்தியாசம். எல்லோரும் கூப்பிட்டதால் நானும் ஆயாம்மா என்றேன். இருந்த எட்டுப் படப் புத்தகங்களும் பீரோவுக்குள் பூட்டியே இருக்கும். பள்ளியை நடத்திய மேடம் யாரையாவது பார்க்கக் கூட்டிவந்தால் மேசையில் அடுக்குவோம். வாரத்துக்கு ஒருமுறை நான் ஒன்றை எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். "இதுலேர்ந்து என்ன தெரியுது?" என்று கேட்டால், "சொன்ன பேச்சு கேக்கணும் டீச்சர்" என்று கூரை அதிரும். எந்தக் கதைக்கும் அதே பதில். நானும் அதில் திருப்தியாக இருந்தேன், பாருங்கள்.

அப்போதுதான் அமுதா வந்து சேர்ந்தாள். மூன்றரை வயது. அவள் அம்மாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. காலையில் ஆரம்பிக்கும் அழுகை சாயங்காலம் வரை ஓயாது. மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று "அழுமூஞ்சி" என்று கத்துவார்கள். அதற்குத் தலைவன் பிரபு. அதட்டிப் பார்த்தேன், முட்டி போடவைத்தேன். நான் திரும்பியதும் மறுபடி கத்துவார்கள். முடியாமல், "அடுத்த ஜூன்ல கொண்டுவாங்க" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஊட்ல பாத்துக்க யாரும் இல்ல டீச்சர். இவள வெச்சிகினு நான் எப்டி கம்பெனிக்குப் போவேன்? வேலையே பூடும்" என்றாள் அவள். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள். "ஒரே ஒரு வாரம் குடு டீச்சர். அந்த பீரோ சாவியும் குடு."

"புக்கு அழுக்கானா மேடம் நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க" என்றேன். ஆனாலும் கொடுத்தேன்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிள்ளைகள் நடுவில் விரித்தீர்கள். மூன்றாவது பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். எனக்கோ புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கை பரபரத்தது. "இது இன்னாத்துக்கு அழுவுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள். மழை பெய்யுது, பசிக்குது என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றுக்கும் "அப்டியா?" என்றீர்களே தவிர, எது சரி என்று சொல்லவில்லை. கடைசியாகப் பிரபு, "அவங்கம்மா கம்பெனிக்குப் பூட்ச்சு" என்றான். சொல்லிவிட்டு, எச்சில் விரலால் யானைக்குட்டியின் கண்ணைத் துடைத்தான்.

அப்புறம் தினமும் அந்தப் பக்கம்தான். தினமும் எல்லோரும் துடைத்தார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பிரபு அமுதாவிடம் போனான். அடிக்கப் போகிறான் என்று எழுந்தேன். அவன் தன் சட்டையைத் தூக்கி அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, "உங்கம்மா வந்துரும்" என்றான். அவளை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த மாதம் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று மேடம் வந்து பீரோவைத் திறந்தார். யானைக்குட்டியின் கண் தேய்ந்து காகிதம் தெரிந்தது. "யார் இதப் பசங்க கைல குடுத்தது?" நான் வாயைத் திறக்கவில்லை. "நான்தாமா எடுத்தேன்" என்றீர்கள். "எழுத்துத் தெரியாதவளுக்குப் புக்கு எதுக்கு? நாளைலேர்ந்து வராத" என்றார். உங்கள் கண்ணில் நீரை அன்றுதான் பார்த்தேன்.

அமுதா எழுந்து வந்து என் புடவையை இழுத்தாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். "டீச்சர், ஆயா இன்னாத்துக்கு அழுவுது?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். "சாவி குடுத்தது நான்தான் மேடம்" என்றேன். "அவங்கள நிறுத்தினா என்னையும் நிறுத்திடுங்க."

மேடம் நம் இருவரையும் பார்த்தார். "இத இனிமே வர்றவங்களுக்குக் காட்ட முடியாது. க்ளாஸ்லயே கெடக்கட்டும்" என்று புத்தகத்தை என் கையில் போட்டுவிட்டுப் போனார். உங்களை நிறுத்தும் பேச்சும் அதோடு நின்றது. நீங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இன்னா டீச்சர், இத சொல்ல இவ்ளோ நேரமா?" என்று சிரித்தீர்கள். அதன்பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதற்கு நான் அப்போது நன்றி சொல்லவில்லை ஆயாம்மா. இப்போது சொல்கிறேன்.

பிறகு அந்தப் புத்தகத்தோடு முகப்பேருக்குப் போய்ப் பல வருடம் டீச்சராக இருந்தேன். யார் அழுதாலும் "யார் தப்பு?" என்றுதான் என் வாய் முதலில் போகும், என் சுபாவம் அப்படி. உங்கள் கேள்வி அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத்தான் நான் வெகுகாலம் பழக வேண்டியிருந்தது.

நேற்று பக்கத்து ஃப்ளாட் குழந்தை வந்தாள். மூன்றாவது பக்கத்தில் அவளும் நின்றாள். "கண்ணு எங்க?" என்றாள். துடைத்துத் துடைத்துப் போய்விட்டது என்றேன். "இன்னும் அழுவுதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு, அந்த வெள்ளை இடத்தில் வைத்துத் துடைத்தாள். நான் தடுக்கவில்லை.