வாரண்டி வேண்டுமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் சுகம். நீ அங்கே சுகம்தானா? வழக்கமாக இந்த வரியைக் கேட்டுவிட்டு நான் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவேன், நீயும் நல்லா இருக்கேன்பா என்று சொல்லிவிட்டுத் தாவிவிடுவாய். இந்தத் தடவை தாவ முடியவில்லை, பேனா இங்கேயே நிற்கிறது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிடாதே. சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஒரு அதிர்ச்சி, அது இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. உன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாளே உன் ஆபீஸ் தோழி, அவள் வியாழக்கிழமை திரும்புகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆபீஸிலேயே உட்கார்ந்து படி. வீட்டுக்கு எடுத்துப் போகாதே, படித்து முடித்ததும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

நேராக அந்த விஷயத்துக்குப் போனால் என்னால் எழுத முடியாது, அதனால் வரிசையாக வருகிறேன். தம்பி ஒருவழியாக டிரைவிங் டெஸ்டில் தேறிவிட்டான், முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று அதிகாரி உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை ஏற்றி நசுக்கிவிட்டான், நல்லவேளை அந்த மனுஷன் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஸ்கூல் ஆபீஸில் மாடியிலிருந்து கீழ் அறைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மேல்வீட்டுக்காரர் குழாய் இன்னமும் சொட்டுகிறது, அவர் இன்னமும் நாளைக்கு ஆள் வருகிறது என்கிறார். உன் லேப்டாப்பில் இருந்த படங்கள், ஆபீஸ் ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக எடுத்தாகிவிட்டது, பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எதையும் திறந்து பார்க்கவில்லை, அது என் தொழில் வழக்கம்.

லேப்டாப் பைக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாய். புதுசுக்கு மூன்று வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா வேண்டாமா, அவர் வாங்கச் சொல்கிறார், முப்பது நாளுக்குள் சேர வேண்டும், இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் அப்பா என்று. இருபத்திரண்டு வருஷமாக சர்வீஸ் சென்டர் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கேட்டால் பதில் ரெடியாகத்தான் இருக்கும். வெறும் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்றால் அது தானாகக் கெட்டுப்போகிற பாகத்துக்கு மட்டும்தான். தண்ணீர் கொட்டினால், கீழே விழுந்தால் செல்லாது. அதற்கு விபத்துச் சேதம் என்று தனித் திட்டம், வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பார்கள். பத்திரமாகப் புழங்குகிறவர்களுக்கு அது தண்டம் என்று எல்லாரிடமும் சொல்லித்தான் பழக்கம், முதலாளி காதில் விழாமல்.

நீ பத்திரமாகப் புழங்குகிறவள். இதை நான் மறந்ததுதான் எனக்கே ஆறவில்லை. எட்டாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்த கால்குலேட்டரைக் கல்லூரி முடிக்கிறவரை ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தாய். தம்பி கேட்டபோது அதைக் கொடுப்பதற்கே நாலு கண்டிஷன் போட்டாய், அதனால்தானே இந்த வீட்டில் உனக்கு வக்கீலம்மா என்று பெயரே வந்தது. போன மாதம் மாப்பிள்ளை போனில் என்ன சொன்னார் தெரியுமா? "மாமா, உங்க பொண்ணு கையில எதுவும் நிக்காது. விபத்துக்கும் சேர்த்து மூணு வருஷத்துக்குப் போட்டுடலாம், எப்படியும் உடையத்தான் போகுது." நான் என்ன செய்தேன் என்று கேள். சிரித்தேன். சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான் மாப்பிள்ளை என்று ஒத்து வேறு ஊதினேன். மரியாதைக்குச் சொன்ன பொய், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கவுன்டரில் ஒரு பழக்கம் உண்டு. பழுதோடு வருகிறவர்கள் ஜாப் கார்டில் காரணம் எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினால் பல கிளெய்ம் தள்ளுபடியாகிவிடும், அதனால் நாங்களே வாய்வார்த்தையாகச் சொல்லிக் கொடுப்போம், இப்படி எழுதுங்க சார், பாஸ் ஆகிவிடும் என்று. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பு. போன வருஷம் உன் கீபோர்டில் தண்ணீர் போனதே, அன்றைக்கு நீ போனில் கூப்பிட்டு, அப்பா, தண்ணி வந்து என்று ஆரம்பித்தாய். நான் முடிக்க விட்டேனா? எப்படி என்றெல்லாம் எழுதாதே, பாட்டில் தவறுதலாகச் சாய்ந்தது என்று மட்டும் எழுது என்றேன். ஆறு மாதம் கழித்து ஸ்கிரீன் போனது. அப்போதும் ஏதோ சொல்ல வந்தாய், நான் எழுதிக்கோ, கை தவறிப் படியில் விழுந்தது, யார் கேட்டாலும் இதே வாக்கியம்தான், மாற்றிச் சொல்லாதே என்று பாடம் நடத்தினேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரிப்பா என்றாய். எழுதிக்கொள்கிறாய் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை மூடி கழன்றுவிட்டது, எப்படி ஆச்சு என்று நான் கேட்டபோது நீ சொன்னது, கை தவறி விழுந்துடுச்சுப்பா. என் வாக்கியம். நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே சொல்லியிருக்கிறாய், அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கவுன்டரில் கூட்டம் இல்லை, உன் மெஷினை மேஜை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். முதலில் மூலைகளைத் தடவினேன், அது கைப்பழக்கம். விழுந்த மெஷின் ஏதாவது ஒரு மூலையில்தான் விழும், அங்கே நசுங்கியிருக்கும், கீறியிருக்கும். உன்னுடையதில் நாலு மூலையும் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தன. அப்புறம் மூடியைத் தாங்குகிற கீல்களைப் பார்த்தேன். விழுந்தால் ஒரு பக்கக் கீல்தான் போகும். உன்னுடையதில் இரண்டும் ஒரே மாதிரி, பின்பக்கமாக, திருகு பிடித்த பித்தளையோடு பிய்ந்து வந்திருந்தன. அது தானாக விழுந்து ஆகாதம்மா. இரண்டு கையால் பிடித்துப் பின்னுக்கு மடக்கி முறித்தால்தான் அப்படி வரும், அதற்கு நல்ல பலம் வேண்டும், உன் கைக்கு அந்தப் பலம் கிடையாது. இருந்தாலும் எவனோ பஸ்ஸில் மேலே சாய்ந்திருப்பான், பெட்டிக்கடியில் மாட்டியிருக்கும் என்று நானே நாலு காரணம் ஜோடித்தேன், காரணம் ஜோடிப்பதில்தான் நமக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஆயிற்றே.

பின்பக்க மூடியைக் கழற்றினேன். கீல் பிய்ந்து வாய் பிளந்த இடத்துக்கு நேர் உள்ளே, ஃபேனுக்குப் பக்கத்தில் ஏதோ சிக்கியிருந்தது, இடுக்கியால் எடுத்தேன். மூக்குக் கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காருமே ஒரு சின்ன ரப்பர், அது. வளைந்த கம்பியோடு ஒடிந்து வந்திருந்தது. அதன் திருகில் சிவப்பாக ஒரு பொட்டு. போன தடவை நீ இங்கிருந்து கிளம்புகிற அன்றைக்கு அந்தத் திருகு அடிக்கடி கழல்கிறது என்று அம்மாதான் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவைத்துக் கொடுத்தாள். அந்தக் கண்ணாடியை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன் என்றுதானே சொன்னாய், புது ஃப்ரேம் எப்படி இருக்கிறது என்று வீடியோவில் கூடக் காட்டினாய், நான்கூட முகம் வீங்கின மாதிரி இருக்கே, ஃப்ரேம் பெரிசோ என்று கேட்டேன். பஸ்ஸில் போன கண்ணாடி லேப்டாப்புக்குள் எப்படியம்மா வரும்? டோக்கன் நம்பர் கூப்பிடுகிற பெண் வந்து, என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்று தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் ஒன்றும் விளக்கவில்லை, அதை அவள் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அவ ஏன் எப்பவும் ஸ்பீக்கர்லயே பேசறான்னு நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். கேட்டாள்தான். கை வேலையாக இருக்கும், விடு என்று நான்தான் வாயை அடைத்தேன். அப்புறம் எழுந்து போய் உன் அறையில் அடுக்கியிருந்த பழைய பெட்டிகளையெல்லாம் வெளியே தூக்கிப்போட்டுவிட்டு, கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். முட்டிவலிக்காரி, யாரையும் தொடவிடவில்லை. தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, அவன் லைசென்ஸ் வாங்கிய வேகத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

உன் தோழியைத் தப்பாக நினைக்காதே, அவள் எதையும் சொல்லவில்லை. மெஷினைக் கொடுத்த அன்றைக்கு எப்படிம்மா இருக்கிறாள் என்று கேட்டேன், நல்லா இருக்கா அங்கிள் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். செருப்பு மாட்டுகிறபோது மட்டும், நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க அங்கிள் என்றாள். நேற்று நானே அவளுக்குப் போன் செய்து கேட்டேன், அவள் வீட்டில் ஒரு அறை சும்மாதான் இருக்கிறதாம். எந்த நேரமானாலும் வரலாம் என்று சொன்னாள், ஒரு சாவி உன்னிடம் கொடுப்பாள். வாங்கி ஆபீஸ் டிராயரில் வைத்துக்கொள். நாங்கள் வருவதற்குள் ஏதாவது என்றால் ஒன்றையும் எடுக்க நிற்காதே, அங்கே போய்விடு.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் என்னைத் திட்டு, வக்கீலம்மா, பழைய மாதிரி நாலு பாயின்ட் எடுத்து வைத்துத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் மனுஷர்களைப் பார்த்து ஏமாறுவேனே தவிர மெஷினைப் பார்த்து ஏமாந்ததில்லை. இரண்டு தடவை நீ சொல்ல வந்ததை நான் கேட்டிருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. என் பிள்ளை என்ன கஷ்டத்தில் பேசுகிறாள் என்று பார்க்காமல் கிளெய்ம் பாஸ் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்பாவை மன்னித்துக்கொள். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீயாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர், எங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடு, எங்களுக்கு நீதான் முக்கியம், உன் முடிவு சரியா தப்பா என்கிற கணக்கு இந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

அந்த விபத்துத் திட்டத்தின் விதிகளை நேற்று பூதக்கண்ணாடி வைத்து முழுசாகப் படித்தேன். வேண்டுமென்றே செய்த சேதத்துக்குப் பொருந்தாது என்று பதினான்காவது விதி சொல்கிறது. அதனால் நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம். அந்த வீட்டில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஏதாவது உடையும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற காகிதத்தில் நீ கையெழுத்துப் போடாதே. உன் பழைய மெஷினுக்கும் நான் ஜாப் கார்டு போட்டேன். மாடல், நம்பர், தேதி எல்லாம் எழுதினேன், காரணம் என்கிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இனி யாருக்கும் நான் சொல்லிக் கொடுப்பதாக இல்லை. அதை நீ வந்து உன் கையால் எழுது, இல்லை எழுதாமலே கிழித்துப் போடு, உன் இஷ்டம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் சர்டிபிகேட்டுகளையும் பாஸ்போர்ட்டையும் நாளைக்கே ஆபீஸுக்கு எடுத்து வந்து வைத்துவிடு. நீ எங்கே இருந்தாலும் பயம் இல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நானும் அம்மாவும் வேண்டிக்கொள்வது. உன் கண்ணாடி ரப்பரை ஒரு சின்ன உறையில் போட்டு அம்மா தன் பர்ஸில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் சொல்லை இனிமேல் முடிக்கவிட்டுக் கேட்கப்போகிற,
அப்பா

மறந்துவிடாதே: ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல போன் செய்வேன், வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொள், அவரும் கேட்கட்டும். வாரண்டி என்ன முடிவு பண்ணினே என்று கேட்பேன். வேண்டாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் நானும் அம்மாவும் கிளம்பிவிடுவோம், லீவுக்கு இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தாயிற்று. எடுத்துட்டேன்பா என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், அடுத்த ஞாயிறும் கேட்பேன், அதற்கடுத்த ஞாயிறும் கேட்பேன். பன்னிரண்டு நாள் கெடு கம்பெனிக்குத்தான், எனக்குக் கிடையாது.